நபியை நாங்கள் வணங்குவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழ் என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் கடைக்கு வந்துகொண்டிருக்கிறது. ரமலான் மாதத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். முக்கால் பக்கம் சமையல். நோன்புக் கஞ்சி, சமோசா, கடல்பாசி, பிரியாணி எல்லாம் இருந்தன. படங்களும் நன்றாக இருந்தன. மீதி இருந்த இடத்தில் இஸ்லாத்தைப் பற்றிச் சில வரிகள். அதில் ஒன்று, முஸ்லிம்கள் முகமது நபியை வணங்குகிறார்கள் என்று சொல்கிறது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

மறுநாள் ஓர் ஓரத்தில் திருத்தம் போட்டுவிட்டால் முடிந்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழுகை, நோன்பு, ஸகாத் என்னும் கட்டாயத் தருமம், மக்காவுக்குப் போகும் ஹஜ் பயணம் என்று நாங்கள் செய்கிற எல்லாமே, படைத்தவன் ஒருவனைத் தவிர வேறு யாருக்கும் எதற்கும் தலை வணங்கக் கூடாது என்ற ஒரே நம்பிக்கையிலிருந்துதான் வருகின்றன. அதைத் தவறாகச் சொல்லிவிட்டு மற்றதைச் சரியாகச் சொன்னாலும் பயனில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். இடம் போதாவிட்டால் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துப் போட்டாலும் சரி.

நான் குன்னூர் மார்க்கெட் பக்கம் வர்க்கி என்னும் மொறுமொறு பிஸ்கட் போடும் பேக்கரி நடத்துகிறேன். கணவர் காலமான பிறகு நானும் மகனுமாகப் பார்த்துக்கொள்கிறோம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவளிடம் ஊரே பேசும். படுகர் வீட்டுப் பெரியவர்கள், எஸ்டேட் லாரி டிரைவர்கள், காலேஜ் பிள்ளைகள், சீசனுக்கு வரும் கோயம்புத்தூர்க்காரர்கள் எல்லோரும் "பாயம்மா, ஒண்ணு கேக்கலாமா?" என்று தொடங்குவார்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்லும் படிப்பு எனக்கில்லை. சின்ன வயதில் மார்க்க ஆசிரியரான ஹஜ்ரத்திடம் ஓதியதையும், வீட்டில் பார்த்து வளர்ந்ததையும், இன்றுவரை செய்துவருவதையும் வைத்து அவர்களுக்குச் சொல்கிற பதிலைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் நபியைப் பற்றி. முகமது நபி (ஸல்) மக்காவில் ஏறத்தாழ 570ஆம் ஆண்டு பிறந்தவர். பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர், ஆறு வயதில் தாயையும் இழந்தவர். ஆடு மேய்த்தார், வியாபாரம் செய்தார், பின்னாளில் மனைவியான கதீஜா நாயகியின் வணிகச் சரக்கைக் கொண்டுபோய் விற்றுக் கணக்குக் கொடுத்தார். நாற்பது வயதளவில், 610ஆம் ஆண்டு, ஹிரா குகையில் அவருக்கு முதல் இறைச்செய்தி வந்தது. அது 23 ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக வந்து நிறைவடைந்ததுதான் குர்ஆன். மொத்தம் 114 அத்தியாயங்கள். மக்காவில் இருக்க முடியாமல் 622இல் மதீனாவுக்குப் போனார். எங்கள் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு அந்தப் பயணத்திலிருந்துதான் தொடங்குகிறது. அவர் பிறந்த நாளையோ வெற்றி பெற்ற நாளையோ வைத்து ஆண்டை எண்ணவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

632இல் அவர் இறந்தபோது நடந்ததை நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வதுண்டு. நபி இறந்துவிட்டார் என்பதை அவருடைய தோழர் உமர் (ரலி) ஏற்க மறுத்து, அப்படிச் சொல்பவரை விடமாட்டேன் என்று நின்றார். இன்னொரு தோழரான அபூபக்கர் (ரலி) உள்ளே போய் நபியின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மக்களிடம் பேசினார். யார் முகமதை வணங்கிக்கொண்டிருந்தாரோ அவர் தெரிந்துகொள்ளட்டும், முகமது இறந்துவிட்டார். யார் அல்லாஹ்வை வணங்குகிறாரோ, அல்லாஹ் உயிரோடிருக்கிறான், அவனுக்கு மரணமில்லை என்றார். உயிருக்கு உயிராக நேசித்த நண்பரின் உடல் உள்ளே கிடக்கும்போது ஒரு மனிதர் சொன்ன சொல் இது. இதைப் படித்த யாரும் முஸ்லிம்கள் நபியை வணங்குகிறார்கள் என்று எழுத மாட்டார்கள்.

நாங்கள் தினமும் சொல்லும் கலிமாவிலேயே இது இருக்கிறது. வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருமில்லை, முகமது அவனுடைய அடியாரும் தூதருமாவார் என்று சாட்சி சொல்கிறோம். அடியார் என்ற இடம் முதலில் வருகிறது. ஒவ்வொரு தொழுகையின் முடிவிலும் நபிக்கு அருள்புரியும்படி இறைவனிடம் கேட்கிறோம். அதாவது அவருக்காக வேண்டுகிறோமே தவிர அவரிடம் வேண்டுவதில்லை. தர்காவுக்குப் போவது பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. போகிறவர்கள் உண்டு, கூடவே கூடாது என்கிறவர்களும் உண்டு. ஆனால் அங்கே அடக்கமாகியிருப்பவர் கடவுள் என்று இரண்டு தரப்பிலும் யாரும் சொல்வதில்லை.

குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் நாலே நாலு வசனம். அல்லாஹ் ஒருவன், அவனுக்குத் தேவை எதுவுமில்லை, அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை, அவனுக்கு நிகர் யாருமில்லை. எங்கள் வீட்டுக் குழந்தைகள் பேசப் பழகும்போதே இதை மனப்பாடம் செய்துவிடும். இறைவனுக்கு உருவம் வைப்பதில்லை, படம் வரைவதில்லை.

இறைவன் மீது வைக்கும் நம்பிக்கையோடு இன்னும் சில உண்டு: மலக்குகள் என்னும் வானவர்கள், வேதங்கள், நபிமார்கள், மறுமை நாள், நன்மையும் தீமையும் அவன் விதிப்படியே என்பது. வேதம் என்றால் குர்ஆன் மட்டுமல்ல. மூசா நபிக்குத் தவ்ராத், தாவூது நபிக்கு ஸபூர், ஈசா நபிக்கு இன்ஜீல் அருளப்பட்டதாக நம்புகிறோம். குர்ஆனில் 25 நபிமார்களின் பெயர்கள் வருகின்றன. மிக அதிகமாக வரும் பெயர் மூசா நபியுடையது. பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மரியம், அதாவது மாதா. அவர் பெயரிலேயே 19ஆம் அத்தியாயம் இருக்கிறது. எங்கள் பேக்கரி மாஸ்டர் கிறிஸ்தவர். இதை நான் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கன்னியாக இருந்தே மரியம் குழந்தை பெற்றதாக நாங்களும் நம்புகிறோம். ஆனால் ஈசா நபியை இறைவனின் மகன் என்று நாங்கள் சொல்வதில்லை. அந்த இடத்தில் எங்கள் வழியும் மாஸ்டர் வழியும் பிரிகிறது என்பது இருவருக்கும் தெரியும். இருபது வருடமாக ஒரே அடுப்படியில்தான் வேலை செய்கிறோம்.

மறுமை நாளைப் பற்றிப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. அணுவளவு நன்மை செய்தவனும் அதைக் காண்பான், அணுவளவு தீமை செய்தவனும் அதைக் காண்பான் என்கிறது 99ஆம் அத்தியாயம். ஆனால் கடைக்காரிக்குப் பயம் தருவது 83ஆம் அத்தியாயம்தான். அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று அது ஆரம்பிக்கிறது. வர்க்கி எடை போட்டு விற்கும் பொருள். அட்டைப்பெட்டியோடு சேர்த்து நிறுத்தால் ஒரு கிலோவுக்கு நாலைந்து வர்க்கி குறைந்துபோகும். வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. என் மகன் கல்லாவில் உட்காரத் தொடங்கியபோது, வெறும் பெட்டியைத் தராசில் வைத்து எடையைக் கழித்துவிட்டு அப்புறம் வர்க்கியைப் போடத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன். எங்களுக்கு இதுவும் மார்க்கத்தில் சேர்ந்ததுதான்.

இனி தொழுகை. சூரியன் உதிக்கும் முன் சுபுஹு, மதியம் லுஹர், பின்மதியம் அஸர், சூரியன் மறைந்ததும் மக்ரிப், இரவில் இஷா என்று ஐந்து வேளை. அதற்கு முன் ஒளு செய்ய வேண்டும், அதாவது தண்ணீரால் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்: கைகள், வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கை, ஈரக் கையால் தலை, கணுக்கால் வரை கால். இந்த ஊரில் ஜனவரி மாதத்து விடியற்காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன வேலை என்று. சிரமமான நேரத்திலும் ஒளுவை முழுமையாகச் செய்வது பாவங்களை அழிக்கும் என்று நபிமொழி இருக்கிறது. அதே சமயம் மார்க்கம் ஆளை வதைப்பதில்லை. ஒளுவோடு தோல் காலுறை அணிந்திருந்தால், ஊரில் இருப்பவர் ஒரு பகல் ஒரு இரவு வரை காலைக் கழுவாமல் உறையின் மேல் ஈரக் கையால் தடவிக்கொள்ளலாம்; பயணிக்கு மூன்று நாள். தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்ற நிலையில் ஒளுவுக்குப் பதிலாகச் சுத்தமான மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்துகொள்ளலாம். என் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் அப்படித்தான் செய்தோம்.

குன்னூரில் கோடை வந்தால் ரேலியா அணையில் தண்ணீர் இறங்கி, நகராட்சிக் குழாயில் எப்போது வரும் என்று காத்துக் கிடப்போம். அந்த நாட்களில் நான் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவது, நபி அவர்கள் இரண்டு கைகளாலும் அள்ளும் அளவான ஒரு ‘முத்து’ தண்ணீரில் ஒளுவை முடித்துக்கொண்டார்கள் என்பதை. ஏறத்தாழ ஒரு செம்பு. குழாயைத் திறந்துவிட்டு வளவளவென்று கழுவுவதில் நன்மை கூடாது.

தொழுகையில் மக்காவிலுள்ள கஃபாவின் திசையை நோக்கி நிற்கிறோம். நீலகிரியிலிருந்து அது மேற்கு. சரியாகச் சொன்னால் மேற்கிலிருந்து சுமார் 20 டிகிரி வடக்கே சாய்ந்தது. மலைச்சரிவில் கட்டிய வீடுகள் எந்தத் திசைக்கும் நேராக இருப்பதில்லை, அதனால் எங்கள் வீட்டில் தரையில் குறுக்காகத்தான் பாய் விரித்திருக்கும். நின்று அல்ஹம்து சூரா ஓதுகிறோம், குனிகிறோம், பிறகு நெற்றியைத் தரையில் வைக்கிறோம், அதுதான் ஸஜ்தா. இப்படி ஒரு சுற்று முடிந்தால் ஒரு ரக்அத். கடமையான தொழுகை மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத்துகள். ரக்அத்துக்கு இரண்டு ஸஜ்தா. ஆக ஒரு நாளில் 34 முறை நெற்றி தரையைத் தொடுகிறது. அந்த நெற்றி வேறு எந்த மனிதன் காலிலும் விழக் கூடாது. ஆட்சியில் இருப்பவர் காலிலும் கூடாது, பணக்காரர் காலிலும் கூடாது. பெற்றோரை எவ்வளவு மதித்தாலும் அவர்களுக்கும் ஸஜ்தா கிடையாது.

பள்ளிவாசல் வரிசையில் யாருக்கும் இடம் ஒதுக்கி வைப்பதில்லை. முன்னால் வந்தவர் முன் வரிசை. எஸ்டேட் வைத்திருப்பவரின் தோளோடு தோள் உரசிக்கொண்டு மூட்டை தூக்குபவர் நிற்பார். முன் வரிசையில் அவர் நின்றால், எஸ்டேட்காரரின் நெற்றி அவருடைய குதிகாலுக்குப் பின்னால்தான் தரையில் படும். நபி பாங்கு சொல்லத் தேர்ந்தெடுத்த பிலால் (ரலி) அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பின மனிதர். சாதி பார்த்துத் தனிக் குவளை வைத்த ஒரு நாட்டில் இதற்கு என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை ஆண்களுக்குக் கட்டாயம், பெண்களுக்குக் கட்டாயமில்லை. எங்களில் பெரும்பாலோர் வீட்டில் தொழுகிறோம். பெண்களுக்கு இடம் வைத்திருக்கும் பள்ளிவாசல்களும் இருக்கின்றன. எல்லாப் பள்ளிகளிலும் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. பெண்களை மஸ்ஜிதுக்கு வரவிடாமல் தடுக்காதீர்கள் என்று நபியே சொல்லியிருக்கிறார்கள்.

சின்னச் சின்ன வேறுபாடுகளைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம். நாங்கள் ராவுத்தர்கள், மார்க்கச் சட்டத்தில் ஹனபி வழி. கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளம் பேசும் மாப்பிள்ளைமார்கள் பெரும்பாலும் ஷாபி வழி. அவர்களுக்கு அஸர் நேரம் எங்களுக்கு முன்பே தொடங்கிவிடும், கை கட்டும் இடமும் கொஞ்சம் மாறும். ஒரே இமாமின் பின்னால் இருவரும் தொழுவோம்.

ஸகாத்தைப் பற்றி உங்கள் பக்கத்தில் "ஏழைகளுக்கு உதவி செய்வார்கள்" என்று இருந்தது. அவ்வளவு லேசான விஷயம் அல்ல அது. தொழுகையைப் போலவே கடமை, கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியது. கடையில் நான் எப்படிப் போடுகிறேன் என்று சொல்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, ரமலான் முதல் பிறையன்று, கடையில் இருக்கும் மைதா மூட்டை, சர்க்கரை, டால்டா, தட்டுகளில் இருக்கும் வர்க்கி, பிஸ்கட் எல்லாவற்றையும் அன்றைய விலைக்கு மதிப்புப் போடுவேன். கையிருப்பு, வங்கியில் உள்ள பணம், டீக்கடைகளிலிருந்து வர வேண்டிய பாக்கியில் வந்துசேரும் என்று நம்பத்தக்கது, இதோடு என் நகையையும் சேர்ப்பேன். ஹனபி வழியில் போட்டுக்கொள்ளும் நகைக்கும் ஸகாத் உண்டு. விறகு அடுப்பு, மாவு பிசையும் மிஷின், டெலிவரி வண்டி, கடைக் கட்டடம் இவற்றைச் சேர்ப்பதில்லை. அவை விற்பதற்கான சரக்கல்ல. மைதா மண்டிக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழிப்பேன். மீதம் ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம், 15,000 ரூபாய். இவ்வளவு சொத்து இருந்தால்தான் கடமை என்று ஒரு வரம்பும் உண்டு. தங்கமானால் சுமார் 85 கிராம், வெள்ளியானால் சுமார் 595 கிராம் மதிப்பு.

அந்தப் பணத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்பதையும் குர்ஆனே 9ஆம் அத்தியாயத்தில் எட்டு வகையாகச் சொல்லிவிடுகிறது. ஏழைகள், ஒன்றுமே இல்லாதவர்கள், கடனில் மூழ்கியவர்கள், வழியில் கையில் காசில்லாமல் நிற்கும் பயணி, அடிமைத்தளையில் இருப்பவர் ஆகியோர் அதில் வருகிறார்கள். என் பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ ஸகாத் கொடுக்க முடியாது. அவர்களைப் பார்த்துக்கொள்வது எப்படியும் என் பொறுப்பு. பள்ளிவாசல் கட்டவும் அந்தப் பணம் செல்லாது. இதைக் கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள். இது போக ஸதகா என்ற பொதுத் தருமம் இருக்கிறது. அதற்கு எந்த மதத்தவர் என்ற கணக்கே கிடையாது. 2009 நவம்பரில் மலையெங்கும் மண் சரிந்து சாலைகள் அறுந்து கிடந்தபோது, என் கணவர் இரவெல்லாம் ரொட்டி போட்டுக் கேத்தி வரைக்கும் ஆள் மூலம் அனுப்பினார். அது ஸதகா.

பணக்காரர்களின் செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் உரிமை இருக்கிறது என்று குர்ஆன் சொல்கிறது. உரிமை என்றால், வாங்குகிறவர் எனக்கு நன்றி சொல்லி நிற்க வேண்டியதில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் அந்தத் தருமமே வீணாகிவிடும். பணம் என்னுடையதென்று நான் நினைத்தால்தான் அவர் என் முன்னால் தலை குனிய வேண்டும். அது இறைவன் கொடுத்து வைத்தது என்றால் அவருக்கும் எனக்கும் நடுவில் அந்தப் பேச்சே இல்லை. இதே காரணத்தால்தான் வட்டி வாங்குவதும் கொடுப்பதும் எங்களுக்கு விலக்கப்பட்டிருக்கிறது.

நோன்புக்கு வருகிறேன். "தண்ணிகூடவா குடிக்க மாட்டீங்க?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆமாம், தண்ணீரும்தான். விடியலின் முதல் வெளிச்சத்திலிருந்து சூரியன் மறையும் வரை. ஆனால் அது சுலபமான பகுதி. பொய் பேசுவதையும் அதன்படி நடப்பதையும் விடாதவர், சாப்பாட்டையும் தண்ணீரையும் விடுவதில் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்பது நபிமொழி. விறகு அடுப்பின் வாயில் நின்று ஒவ்வொரு தட்டாக வர்க்கியை இழுக்கும்போது அந்த வெண்ணெய் வாசம் முகத்தில் அடிக்கும். என் மகன் அங்கேதான் நிற்கிறான். பின்கட்டில் தனியாக இருக்கிறான், ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. தொழுகையைப் பிறர் பார்ப்பார்கள், ஸகாத்தை வாங்கியவருக்காவது தெரியும், ஹஜ்ஜுக்கு ஊரே வழியனுப்பும். நோன்பு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் அவனுக்கும் படைத்தவனுக்கும்தான் தெரியும். நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுப்பேன் என்று இறைவன் சொல்வதாக நபி அறிவித்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். மாவில் உப்பும் சர்க்கரையும் சரியாக இருக்கிறதா என்று அந்த மாதம் முழுக்க மாஸ்டர்தான் சுவைத்துப் பார்த்துச் சொல்வார்.

நோயாளிகள், பயணிகள், பிள்ளைத்தாய்ச்சிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் நோன்பை விட்டுப் பிறகு நோற்கலாம். மாதவிலக்கு நாட்களில் நோன்பும் தொழுகையும் இல்லை. விட்ட நோன்பைப் பிறகு நோற்க வேண்டும், விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. நோற்கவே முடியாத முதியவர்கள் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு பிடிவாதமாக நோன்பிருக்கும் பெரியவர்களை எனக்குத் தெரியும். டாக்டர் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அல்லாஹ் கொடுத்த சலுகையை மறுக்க நாம் யார்?

எங்கள் ஆண்டு சந்திரக் கணக்கு, சுமார் 354 நாள். அதனால் ஆங்கில ஆண்டுக் கணக்கில் ரமலான் வருடா வருடம் பத்து, பதினோரு நாள் முன்னால் வரும். மே மாதச் சீசன் கூட்டத்திலும் நோன்பிருந்திருக்கிறோம். 2030இல் ஜனவரியிலும் டிசம்பர் கடைசியிலுமாக ஒரே ஆண்டில் இரண்டு முறை ரமலான் பிறக்கும். உறைபனியில் ஸஹர் என்னும் விடியலுக்கு முந்தைய சாப்பாட்டைச் சாப்பிடப்போகிறோம். பெருநாள் தொழுகைக்கு முன்னால் வீட்டில் ஒவ்வொருவர் பேருக்கும் பித்ரா என்னும் பெருநாள் தருமத்தைக் கொடுத்துவிட வேண்டும், அன்றைக்கு யார் வீட்டிலும் அடுப்பு எரியாமல் இருக்கக் கூடாது என்பதற்காக. உங்கள் கஞ்சிக் குறிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: வெந்தயம் விட்டுப்போயிருக்கிறது. பகலெல்லாம் காய்ந்த வயிற்றுக்கு அதுதான் மருந்து. பள்ளிவாசலில் கஞ்சி வாங்க எங்கள் தெருவில் யார் வேண்டுமானாலும் தூக்குவாளியோடு வரலாம், வருகிறார்கள்.

ஹஜ்ஜுக்கு நான் இன்னும் போகவில்லை. உடலாலும் பொருளாலும் வசதியுள்ளவருக்கு வாழ்நாளில் ஒருமுறை கடமை. ஆண்கள் தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகளோடு போய்ச் சேர்கிறார்கள். கஃபாவை ஏழு முறை சுற்றுகிறார்கள். அங்கேயுள்ள கறுப்புக் கல்லை வணங்குகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். அதை முத்தமிட்டபோது உமர் (ரலி), நீ ஒரு கல், உன்னால் நன்மையோ தீமையோ செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும், நபி முத்தமிட்டதைப் பார்த்திருக்காவிட்டால் நான் முத்தமிட்டிருக்க மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னார். ஹஜ்ஜில் என் மனம் நிற்கும் இடம் ஸஃபா, மர்வா குன்றுகள்தான். பாலைவனத்தில் குழந்தை இஸ்மாயீல் தாகத்தால் துடிக்க, தாய் ஹாஜரா தண்ணீர் தேடி இரண்டு குன்றுகளுக்கும் இடையே ஏழு முறை ஓடினார். உலகத்தின் அத்தனை ஹாஜிமார்களும், அரசர்களாக இருந்தாலும், அந்தத் தாய் ஓடிய வழியில் ஓடித்தான் ஆக வேண்டும். பக்ரீத் அன்று கொடுக்கும் குர்பானி என்னும் பலியும் அந்தக் குடும்பத்து நினைவுதான். அதன் மாமிசமோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அடைகிறது என்று குர்ஆன் சொல்கிறது. கறியில் ஒரு பங்கு ஏழைகளுக்கு, ஒரு பங்கு உறவினருக்கும் அண்டைவீட்டாருக்கும், ஒரு பங்கு வீட்டுக்கு என்பது வழக்கம்.

பெண்களைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். நிக்காஹுக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும், மாப்பிள்ளை பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும். அந்த மஹர் அவளுடைய தனிச்சொத்து. பெண் வீட்டில் வரதட்சணை வாங்குவது எங்கள் சமுதாயத்திலும் நடக்கிறது. அது மார்க்கத்தில் இல்லை, அதை ஜும்ஆ குத்பா உரையில் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். அடுத்தது இத்தா, கணவர் இறந்த பிறகு மனைவி காத்திருக்கும் காலம். என் கணவர் இறந்தபோது நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்தேன். அலங்காரம் இல்லை, மறுமணப் பேச்சு இல்லை. பாயம்மாவைப் பூட்டி வைத்துவிட்டார்கள் என்று மார்க்கெட்டில் பேசிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். யாரும் பூட்டவில்லை. துக்கத்துக்கு ஓர் எல்லை வைத்து, அந்த எல்லை முடிந்ததும் எழுந்து வா என்று மார்க்கம் சொல்கிறது. முடிந்ததும் வந்து கல்லாவில் உட்கார்ந்தேன். விதவை மறுமணம் செய்துகொள்வதிலும் எந்தத் தடையும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நோன்பு திறக்கும் நேரம் என்று தினமும் ஒரு கட்டம் வெளியிடுகிறீர்கள். அது சென்னை நேரம் என்று அதில் எங்கும் இல்லை. சென்னையைவிடக் குன்னூரிலும் ஊட்டியிலும் சூரியன் ஏறத்தாழ 14 நிமிடம் தாமதமாக மறைகிறது, கூடலூரில் இன்னும் ஒரு நிமிடம் கூடும். கொடைக்கானலில் ஏறத்தாழ 11 நிமிடம். சமவெளியில் இருப்பவர் வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். இங்கே மாலையானால் மூடுபனி இறங்கிவிடுகிறது, சூரியனையும் பார்க்க முடியாது, பிறையையும் பார்க்க முடியாது. பிறைக்கே தலைமை காஜியின் அறிவிப்பைத்தான் நம்பியிருக்கிறோம். பாங்கு சத்தம் கேட்காத எஸ்டேட் லைன் வீடுகளில் உங்கள் கட்டத்தைப் பார்த்து நோன்பு திறப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரப்படி திறந்தால் சூரியன் மறையும் முன்பே திறந்ததாகி, பகலெல்லாம் பட்டினி கிடந்த நோன்பு முறிந்துவிடும். நீலகிரிப் பதிப்பிலாவது எங்கள் நேரத்தைப் போடுங்கள். முடியாவிட்டால் சென்னை நேரம் என்று மேலே இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள். எங்கள் பள்ளிவாசலில் ஒட்டியிருக்கும் இந்த மாதத்து நேர அட்டவணையின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
குன்னூர், நீலகிரி மாவட்டம்